நோன்பு வாய்

சட்டையில் சிகரெட் வாசம் இல்லை.

நர்கீஸ் காலரை இன்னொரு முறை முகர்ந்தாள். விறகுப் புகை இருந்தது. நெய், கறி, புதினா, வியர்வை எல்லாம் இருந்தன. அவற்றுக்கு அடியில் எப்போதும் இருக்கும் அந்தக் கசந்த வாசம் மட்டும் இல்லை. பைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். தீப்பெட்டி இல்லை. ஏலக்காய் ஒன்று இருந்தது.

ஒரு வாரமாக இப்படித்தான்.

அவள் வீட்டுக்காரர் மீரான் பிரியாணி மாஸ்டர். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அசோக்குமாரின் கடையில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் அண்டா அளவு தேக்சாவில் பிரியாணி வைக்கிறார். சிகரெட் அதைவிடப் பழையது. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு. மகள் இஃப்பத் மூன்று வயதில் மூச்சிளைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் அவரைக் கூப்பிட்டுத் திட்டினார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, நேராகக் கீழே போய் ஒன்று பற்றவைத்தார். நர்கீஸ் அழுதிருக்கிறாள். பேசாமல் இருந்து பார்த்திருக்கிறாள். ஒரு முறை அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். எதற்கும் அவர் அசையவில்லை.

அப்போதெல்லாம் நிறுத்தாதவர் இப்போது யாருக்காக நிறுத்தினார்?

அவள் கேட்கவில்லை. சட்டையை வாளியில் போட்டு முக்கினாள்.

நாலு மணிக்குச் சோறு போட்டாள். மீரான் பிரியாணி சாப்பிட மாட்டார். காலை ஐந்தரையிலிருந்து அதன் ஆவியிலேயே நிற்பவருக்கு வெறுஞ்சோறும் புளிக்குழம்பும்தான் வேண்டும். அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. வெஞ்சனத்துக்கு அவரைக்காய். ஒரு வாய் வைத்தவர் நிறுத்தினார்.

“உப்பு கரிக்குது.”

“காலைல நானும் இஃப்பத்தும் இதத்தான் சாப்ட்டோம். கரிக்கல.”

“எனக்குக் கரிக்குது.”

“இன்னும் நோன்பே வரல. அதுக்குள்ள நோன்பு வாயா?”

அவர் மோரை ஊற்றிக் கலக்கிச் சாப்பிட்டு எழுந்தார்.

ரமலான் மாதம் முழுக்க அவர் வாய் அப்படித்தான் இருக்கும். நோன்பு திறந்து எதை வைத்தாலும் கரிக்கிறது என்பார். கஞ்சிக்கு அவள் பாதி உப்புதான் போடுவாள். கடையிலும் அந்த ஒரு மாதம் உலைத் தண்ணீரை நாக்கில் தொட்டுத் துப்பிவிடுவார்; பிரியாணியில் உப்பு ஓர் இம்மி குறையும். கல்லாவில் இருக்கும் அசோக்குமார், “மாஸ்டருக்கு நோன்பு வாய், கோவிச்சுக்காதீங்க” என்று சிரித்துச் சமாளித்துவிடுவார். பெருநாள் முடிந்து பத்து நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இப்போது ரமலானுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

மறுநாள் காலையில் பூண்டு மூட்டை வந்தது. பேகம்பூரில் அவர்கள் சந்தில் நாலைந்து வீடுகளில் பெண்கள் ஹோட்டல்களுக்குப் பூண்டும் சின்ன வெங்காயமும் உரித்துக் கொடுப்பார்கள். நர்கீஸ் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு மரியசெல்வி தன் முறத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். காற்று அன்று தோல் பதனிடும் ஷாப் பக்கமிருந்து வந்தது. சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை. இருவரும் அதைக் கவனிக்கவில்லை. விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உரித்தார்கள். எண்ணெய் தடவினாலும் ஒரு மணி நேரத்தில் எரியத்தான் செய்யும்.

“யக்கா, ஒங்க வீட்டுக்காரரு இப்ப ஏன் தெரு முக்கு வழியா வாரதில்ல?”

“வேற எந்த வழியா வாராரு?”

“தோல் ஷாப்புக்குப் பின்னாடி போயி, மேட்டுத்தெருவச் சுத்தி வாராரு. ரெண்டு தடவ பாத்துட்டேன். கைய வீசிக்கிட்டுப் போறாரு.”

“கைய வீசாம காலையா வீசுவாரு?”

“அதுக்கில்லக்கா. மேட்டுத்தெருவுல ஒங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா?”

“யாருமில்ல.”

“அதான் கேட்டேன்.”

“என்னத்த கேட்ட?”

“நான் ஒண்ணும் கேக்கல. பூண்டுத் தோலு கண்ணுல பட்டிருச்சு.” மரியசெல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நர்கீஸ் ஒரு பல்லை உரித்து, அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையிலிருந்து தெரு முக்கு வழியாக வந்தால் பத்து நிமிஷம். மேட்டுத்தெருவைச் சுற்றினால் இருபத்தைந்து நிமிஷம். மத்தியானம் வரை அடுப்படியில் நின்ற மனிதர் வெயிலில் சும்மா சுற்றி வர மாட்டார். முன்பெல்லாம் சாப்பிட்ட கையோடு தெரு முக்கில் இருக்கும் சூசைமுத்து பெட்டிக்கடைக்குப் போய், அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை அங்கேயே நிற்பார். இப்போது அதுவும் இல்லை. சாப்பிட்டதும் படுத்துவிடுகிறார். தூங்குவதும் இல்லை.

ஏலக்காய் எதற்கு? வாய் மணக்க வேண்டும் என்று இத்தனை வருடம் நினைக்காதவர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு அசோக்குமார் ஸ்கூட்டரில் வந்தார். கையில் பொட்டலம் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் அந்த வீட்டுக்கு வந்தது இரண்டு தடவைதான். இஃப்பத்தின் காதுகுத்துக்கு ஒரு தடவை, மீரானின் அத்தா மௌத்தாகி அடக்கம் செய்தபோது ஒரு தடவை.

“மாஸ்டர் இல்லாத நேரமாப் பாத்துத்தான் வந்தேன், தங்கச்சி.”

“ஜும்மாவுக்குப் போயிருப்பாரு, மொதலாளி.”

“தெரியும்.” நாற்காலியில் உட்காராமல் பூண்டுச் சாக்கைப் பார்த்தார். “இது யாரு கடைக்கு?”

“ஒங்க கடைக்குத்தான்.”

“வேற யாருக்கும் உரிக்கிறதில்லையே?”

“இல்ல.”

“பைபாஸ்ல புதுசா ஒரு பிரியாணிக் கடை வருது. போர்டு வச்சுட்டாங்க. அங்கேருந்து யாராச்சும் வீட்டுக்கு வந்தாங்களா?”

“யாரும் வரல.”

“போனு?”

“அவருக்கு வந்தா எனக்கு எப்படித் தெரியும்?”

அந்தப் பதில் அசோக்குமாருக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கும் பிடிக்கவில்லை. அவருக்கு வரும் போனைப் பற்றி அவள் அதுவரை நினைத்தே பார்த்ததில்லை.

“ஒரு வாரமா பிரியாணில உப்பு இல்ல,” என்றார் அவர். “நான் சொல்லல, சாப்பிடுறவன் சொல்றான். நேத்து ஒருத்தன், என்னண்ணே, ஆஸ்பத்திரிக்கு சப்ளை எடுத்திருக்கீங்களாங்கிறான். நோன்பு மாசத்துல குறையும், நானும் சிரிச்சுட்டு விட்டுருவேன். இப்ப நோன்பே வரல.”

“அவருகிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். என் நாக்குக்குச் சரியா இருக்குங்கிறாரு. நீயே சொல்லு தங்கச்சி. உலைத் தண்ணியில ஒரு சொட்டக் கையில விட்டு நக்கிப் பாத்து உப்புப் போடுற மனுசன். அளவு கிடையாது, படி கிடையாது. அடுப்படியில வேற ஒருத்தன் அந்தத் தண்ணிய நாக்குல வைக்கக் கூடாது. எங்கப்பா காலத்துலேருந்து அதான் மொறை. இருபத்திரண்டு வருசம் தப்பாத நாக்கு ஒரு வாரத்துல தப்புமா? தப்பாது. அப்ப தெரிஞ்சேதான் குறைக்கிறாரு.”

“எதுக்குக் குறைக்கணும்?”

“போறதுக்கு முன்னாடி என் கடை பேரக் கெடுத்துட்டுப் போகத்தான். யாரோ சொல்லிக் குடுத்திருக்கான்.”

“அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல, மொதலாளி.”

“நானும் போன வெள்ளிக்கெழம வரைக்கும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன்.” பொட்டலத்தை நீட்டினார். “சாப்ட்டுப் பாரு. மேசைக்கு மேசை உப்புக் கிண்ணம் வச்சிருக்கேன். பிரியாணிக் கடையில உப்புக் கிண்ணம். எங்கப்பா படத்தப் பாக்கவே கூச்சமா இருக்கு.”

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

“ஞாயித்துக்கெழம எரியோட்டுல இருந்து பொன்ராஜ் மாஸ்டர் வாரான். அடுப்படியில சும்மா நிப்பான். அன்னைக்கும் உப்பு குறைஞ்சா திங்கக்கெழமையிலருந்து அவன்தான் தேக்சா வைப்பான். நீ அவருகிட்ட சொல்லிரு.”

“நீங்களே சொல்லலாமே.”

“நான் சொன்னா ரோசத்துல அந்த எடத்துலயே கரண்டியப் போட்டுட்டுப் போயிருவாரு.” அதைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் இறங்கியது. ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

இஃப்பத் மருந்துக் கடை வேலையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தாள். பொட்டலத்தைப் பிரித்து இருவரும் சாப்பிட்டார்கள். சீரகச் சம்பா உதிரி உதிரியாக இருந்தது. கறி பூப்போல வெந்திருந்தது. மணம் வீடு முழுக்க நின்றது.

“சப்புன்னு இருக்கும்மா,” என்றாள் இஃப்பத். எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வந்தாள். அத்தா வைத்த பிரியாணிக்கு உப்புத் தொடுவது இதுதான் முதல் தடவை. அவளே அதை உணர்ந்து கையை எடுத்துக்கொண்டாள்.

“அத்தாவ நீ நம்புறியா?” என்று கேட்டாள் நர்கீஸ்.

“நம்பாம? ஏன், நீ நம்பலையா?”

நர்கீஸ் பொட்டலத்து இலையை மடித்தாள். அன்று மாலை அவள் அவரிடம் எதையும் சொல்லவில்லை. முதலில் எது உண்மை என்று தெரிய வேண்டும். மேட்டுத்தெருவா, பைபாஸ் கடையா, இரண்டுமா.

சனிக்கிழமை காலை அவள் சூசைமுத்து கடைக்கு நடந்தாள். அந்தக் கடையில் அவள் சோப்பு, ஷாம்பு, தீப்பெட்டி வாங்கியிருக்கிறாள். ஆண்கள் நிற்கும் நேரத்தில் போனதில்லை. இப்போது இரண்டு பேர் நின்றார்கள். ஆட்டோ ஓட்டும் பெலிக்ஸ், தோல் ஷாப்பில் வேலை செய்யும் ஆசாத். அவள் வருவதை அவர்கள் பார்க்கவில்லை.

“பதினெட்டு ரூவா சிகரெட்ட இருபத்திரண்டு ஆக்கிட்டான். நீளத்தையாவது ஒரு விரக்கடை கூட்டியிருக்கலாம்,” என்றான் பெலிக்ஸ்.

“ஒனக்கு எதுக்குலே நீளம்? நீதான் குட்டைக்கு எறங்கிட்டியே,” என்றான் ஆசாத்.

“நீ பீடிக்கு எறங்குனதுக்கு இது பரவாயில்ல.”

“பீடி ஒடம்புக்கு நல்லதுலே. பாதி நேரம் அணைஞ்சே கிடக்கும்.”

“ரெண்டு பேரும் ஒண்ண வாங்கி மாத்தி மாத்தி இழுக்கிறீங்க. பேச்சப் பாரு, அம்புட்டு நீளம்,” என்றார் உள்ளே இருந்த சூசைமுத்து. “முன்னாடி பாக்கெட்டு வாங்குனவன் இப்ப ஒண்ணு ரெண்டு வாங்குறான். ஒண்ணு ரெண்டு வாங்குனவன் கடலை முட்டாய் வாங்குறான்.”

பெலிக்ஸ் அவளைப் பார்த்துவிட்டான். ஆசாத் பீடியைக் காலடியில் போட்டு மிதித்தான். இருவரும் நகர்ந்து ஆட்டோவின் அந்தப் பக்கம் போய் நின்றார்கள்.

“அண்ணே,” என்றாள் நர்கீஸ். “எங்க வீட்டுக்காரரு இங்க வாராரா?”

சூசைமுத்து வெற்றிலையை ஈரத்துணியில் மூடினார். “ஏம்மா? என்ன ஆச்சு?”

“வாராரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.”

“வந்து பன்னெண்டு நாளாச்சு. மாசம் பொறந்ததும் வெல ஏறுச்சுல்ல. ரெண்டு நாள் வந்தாரு. மூணாம் நாளு ஒண்ண வாங்கி, பத்தவைக்காம கையில வச்சுப் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் திருப்பிக் குடுத்துட்டாரு. ‘சூசை, வெலைய நெனச்சா பொகை தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது’ன்னாரு. அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் வரல.”

“வேற கடையில வாங்குறாரோ என்னமோ.”

“எந்தக் கடையில வாங்குனாலும் அதே வெலதாம்மா.”

“அப்ப எதுக்கு மேட்டுத்தெருவச் சுத்திக்கிட்டு வரணும்? இந்த வழியா வந்தா என்ன?”

சூசைமுத்து ஆட்டோ பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இந்த வழியா வந்தா இவனுக ரெண்டு பேரும், ‘வாங்க மாஸ்டர்’ம்பானுக. சாயங்காலமானா மூணு பேருக்கும் அவருதான் வாங்குவாரு. பத்து இருபது வருசமா அதான் பழக்கம். மாஸ்டருல்ல. இப்ப ஒரு தடவைக்கு மூணு பேருக்கு அறுபத்தாறு ரூவா. எத்தன தடவ வாங்குவாரு? வாங்காம இங்க நிக்கவும் அவரால முடியாது. அதான் கால் அந்தப் பக்கம் போகுது.”

நர்கீஸ் கடையின் கண்ணாடிப் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நாலு ரூவாய்க்காகவா?”

“நாலுதாம்மா. பன்னெண்டோட பெருக்கிப் பாரு.”

அவள் சுருக்குப் பையைத் திறந்தாள். “ஒண்ணு குடுங்க.”

“எது?”

“அவரு பிடிக்கிறது.”

சூசைமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் ஒன்றை எடுத்துத் தாளில் சுருட்டிக் கொடுத்தார். அது இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

திரும்பி நடக்கும்போது முதலில் நிம்மதி வந்தது. அது பத்து அடிகூட நிற்கவில்லை. எவளுக்காகவும் நிறுத்தவில்லை, சரி. அவளுக்காகவும் நிறுத்தவில்லை. அவள் அழுகை, டாக்டரின் திட்டு, இஃப்பத்தின் இளைப்பு எல்லாவற்றையும்விட அந்த நாலு ரூபாய்க்குப் பலம் இருந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வரவில்லை. காது சூடாகியது.

பள்ளிவாசல் முன்னால் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய தேக்சாவை வெளியே உருட்டி வைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஐந்து நாளில் அதில் உலை ஏறும். வருடா வருடம் அவர் கரிக்கிறது என்று சொல்லும் கஞ்சி.

நர்கீஸ் நின்றாள்.

நோன்பு அவளுக்கும்தான். பன்னிரண்டு வயதிலிருந்து பிடிக்கிறாள். ஒரு நாளும் அவளுக்குக் கஞ்சி கரித்ததில்லை. இஃப்பத்துக்குக் கரித்ததில்லை. சந்தில் வேறு யாரும் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. தண்ணீரும் சோறும் எல்லோரும்தான் விடுகிறார்கள். அந்த வீட்டில் அவர் மட்டும் விடுவது வேறு என்ன?

தேக்சா தேய்க்கிறவர், “என்னம்மா வேணும்?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்தாள்.

அன்று மாலை மீரான் கைலியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்ததும் கேட்டாள்.

“மேட்டுத்தெருவுல யாரு இருக்கா?”

அவர் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். “சூசைமுத்து சொல்லிட்டானா?”

“நீங்க ஏன் சொல்லல?”

“என்னன்னு சொல்றது? நாலு ரூவா ஏத்துனதும் மாஸ்டர் அடங்கி ஏலக்காய மெல்லுறாருன்னா?”

“எனக்காக விட்டேன்னு பொய்யாச்சும் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நம்பியிருப்பியா?”

நர்கீஸ் யோசித்தாள். “மாட்டேன்.”

“அதான்.”

பிறகு அவள் அசோக்குமார் வந்துபோனதைச் சொன்னாள். பூண்டுச் சாக்கைப் பார்த்தது, பைபாஸ் கடை, பொன்ராஜ், திங்கட்கிழமை. மீரான் எழுந்துவிட்டார்.

“உப்ப நான் குறைச்சேனாமா? என் கை குறைக்குமா? வேணும்னா பொன்ராஜ் இன்னைக்கே வரட்டும். நான் பைபாஸ் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல.”

“கை குறைக்கல. நாக்கு மாறிப்போச்சு.” அவள் பள்ளிவாசல் முன்னால் நின்று யோசித்ததை அப்படியே சொன்னாள். “நோன்பு மாசத்துல பகல் பூரா சிகரெட் கிடையாது. அப்ப ஒங்களுக்குக் கரிக்கும். இப்ப பன்னெண்டு நாளா கிடையாது. இப்பயும் கரிக்குது. சிகரெட் பிடிச்சு மரத்துக் கிடந்த நாக்கு. அதுக்கு ஒறைக்கிற வரைக்கும் உப்புப் போட்டுப் பழகிட்டீங்க. இப்ப மரப்பு விட்டுருச்சு. கொஞ்சம் போட்டதுமே போதும்னு சொல்லுது.”

மீரான் பீரோ கண்ணாடிக்கு முன்னால் போய் நாக்கை நீட்டிப் பார்த்தார். இஃப்பத் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

“அப்ப இருபத்திரண்டு வருசமா நான் உப்ப அள்ளிக் கொட்டிக்கிட்டு இருந்தேனா?”

“ஆமா. ஊருக்கு அது பழகிப்போச்சு.”

அவர் நம்பவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு சட்டியில் தண்ணீர் எடுத்தார். “ஒரு லிட்டரு. நான் உப்புப் போடுறேன். நீங்க ரெண்டு பேரும் பாருங்க.” கல்லுப்பைப் போட்டுக் கலக்கினார். இடது உள்ளங்கைக் குழியில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். இன்னும் ரெண்டு கல் போட்டார். மறுபடி நக்கினார். “இதான் உலை உப்பு. அரிசி விழுறதுக்கு முன்னாடி இப்படிக் கரிக்கணும்.”

நர்கீஸ் தொட்டு வைத்துப் பார்த்தாள். இஃப்பத் பார்த்தாள். இருவரும் தலையை ஆட்டினார்கள், இல்லை என்று. நர்கீஸ் ஒரு சிட்டிகை போட்டாள். இல்லை. இன்னொன்று. மூன்றாவது சிட்டிகைக்குத்தான் இஃப்பத், “இப்ப சரி” என்றாள். மீரான் அதை நாக்கில் வைத்துவிட்டு உடனே தொட்டியில் துப்பினார்.

“இது கடல் தண்ணி. ரெண்டு பேரும் சேந்து என்னைய ஏமாத்தலையே?”

“எதுக்கு ஏமாத்தணும்த்தா?” இஃப்பத் மருந்துக் கடையில் மாத்திரை எண்ணுகிற மாதிரி மூன்று சிட்டிகை உப்பைத் தாளில் தனியாக வைத்தாள். “லிட்டருக்கு இம்புட்டு. ஒரு தேக்சாவுக்கு எத்தன லிட்டரு?”

“இருபத்தஞ்சு.”

அவள் இருபத்தைந்து முறை அதே அளவு உப்பைக் கிண்ணத்தில் சேர்த்தாள். மீரான் அதைக் கையில் அள்ளிப் பார்த்தார். அவர் கைக்கு இரண்டு கைப்பிடி.

“ஒங்க நாக்கு போதும்னு சொன்னதுக்கு அப்புறம் ரெண்டு கைப்பிடி,” என்றாள் நர்கீஸ்.

“நாக்கு வேண்டாங்கும்போது கை எப்படிடி போடும்? பக்கத்துல பொன்ராஜ் வேற நிப்பான்.” கையிலிருந்த உப்பைக் கிண்ணத்திலேயே விட்டார். “காலைல ரெண்டு பிடிச்சுட்டுப் போனா நாக்கு பழையபடி ஆயிராது?”

அவள் அலமாரியிலிருந்து தாளில் சுருட்டியதை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் பிரித்தார். அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“நீயா வாங்குன?”

“நான்தான். ஒண்ணுதான் இருக்கு. இது வேணுமா, ரெண்டு கைப்பிடி வேணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. எங்கிட்ட சொல்ல வேண்டாம். சொன்னாலும் நம்ப மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே அவர் கிளம்பிவிட்டார். தாள் அலமாரியில் வெறுமையாகக் கிடந்தது.

பன்னிரண்டு மணிக்கு நர்கீஸும் இஃப்பத்தும் கடைக்குப் போனார்கள். அந்தக் கடையில் வாடிக்கையாளராக அவள் உட்கார்ந்ததே இல்லை. ஒவ்வொரு மேசையிலும் எவர்சில்வர் கிண்ணத்தில் தூள் உப்பு இருந்தது. கல்லாவிலிருந்த அசோக்குமார் அவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல.”

“காலைலருந்து எங்கிட்டயும் ஒரு வார்த்த பேசல,” என்றார். அவள் மடியிலிருந்த பையைச் சந்தேகத்தோடு ஒரு முறை பார்த்தார். அதில் குடை மட்டும் இருந்தது.

அடுப்படி வாசலில் பொன்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் ஆவி. தேக்சாவின் மூடியைக் கங்கோடு தூக்கி இறக்கும் சத்தம் கேட்டது. முதல் பந்திக்கு இலைகள் விழுந்தன. பிரியாணி வந்தது. நர்கீஸ் உடனே சாப்பிடவில்லை. பக்கத்து மேசையில் ஒரு தடித்த ஆள் முதல் வாயை வைத்து மென்றார். அவர் கை உப்புக் கிண்ணத்தின் பக்கம் போனது. அசோக்குமாரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கிண்ணத்தைத் தாண்டிப் போய் வெங்காயப் பச்சடியை இழுத்தது.

அவள் ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடவில்லை, இஃப்பத்தைப் பார்க்கவில்லை. மென்று விழுங்கினாள். பழைய உப்பு.

அடுப்படி வாசலில் பொன்ராஜின் தோளுக்குப் பின்னால் மீரானின் முகம் தெரிந்தது. அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நர்கீஸ் தன் மேசையின் உப்புக் கிண்ணத்தை விரலால் ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள். முகம் மறைந்தது.

பந்தி பாதியாகும்போது அசோக்குமார் ஒரு தட்டில் கொஞ்சம் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டார். தட்டை வைத்தார். மேசை மேசையாகப் போய் உப்புக் கிண்ணங்களை எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். கடைசியாக அவர்கள் மேசைக்கு வந்தார்.

“பழைய கை வந்துருச்சு தங்கச்சி.” குரலில் சந்தோஷம் இருந்தது. ஆனால் கண்ணைச் சுருக்கினார். “பொன்ராஜ் சொல்றான், உப்புப் போட்டு நக்கிப் பாத்துட்டு, அப்புறம் ரெண்டு கைப்பிடி சேத்துப் போட்டாராம். ரெண்டாவது தடவ நக்கிக்கூடப் பாக்கலயாம். ஆள் நின்னாத்தான் கை சரியாப் போடுமா? அப்ப இம்புட்டு நாளும் தெரிஞ்சேதான குறைச்சிருக்காரு?”

நர்கீஸ் இலையை மடித்தாள். சூசைமுத்து கடை, நாலு ரூபாய், மேட்டுத்தெரு எல்லாம் வாய் வரை வந்தன. அடுப்படி வாசலைப் பார்த்தாள்.

“நோன்பு வாய் மொதலாளி,” என்றாள். “இந்த வருசம் கொஞ்சம் முன்னாடியே வந்துருச்சு.”

அசோக்குமார் அதை நம்பவில்லை. கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பொன்ராஜுக்கு பஸ் காசு கொடுத்து அனுப்பினார்.

நாலு மணிக்கு மீரான் வந்தார். தெரு முக்கு வழியாக வந்தாரா, மேட்டுத்தெரு வழியாக வந்தாரா என்று அவள் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். நர்கீஸ் சட்டையை எடுத்தாள். காலரை முகர்ந்தாள். விறகு, நெய், கறி, வியர்வை. பைக்குள் விரலை விட்டாள். சிகரெட் வியர்வையில் நனைந்து, வளைந்து, முழுசாக இருந்தது. இரண்டு நுனியையும் பார்த்தாள். எதுவும் கருகியிருக்கவில்லை. அதை எடுத்து அலமாரியில் பழைய தாளின் மேல் வைத்தாள்.

காலையில் குழம்பு வைக்கும்போது அவருக்கென்று ஒரு சின்னச் சட்டியில் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அதைச் சோற்றில் ஊற்றினாள். அவர் பிசைந்து சாப்பிட்டார்.

“ரெண்டாவது கைப்பிடி கைய விட்டு எறங்கவே மாட்டேன்னுச்சு,” என்றார். “என் சமையல என் வாயில வைக்க முடியல.”

“ஊரு சாப்ட்டுச்சுல்ல.”

“சாப்ட்டுச்சு.” இன்னொரு வாய் எடுத்தார். “இது உப்பு சரியா இருக்கு.”

அவர் கை கழுவப் போனதும் நர்கீஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஓரத்தில் மிஞ்சியிருந்த குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். சப்பென்று இருந்தது. இன்னொரு முறை தொட்டு வைத்துப் பார்த்தாள்.